கதவின் கனம் எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனார் வழியாக 1967ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கதவுகள் கல்லாகக் கனக்கின்றன, திறந்தால் தொங்குகின்றன, மூடும்போது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும்போது வண்டி முழுவதுமே பாரமாகத் தெரிகிறது. கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றின் வெளித்தகட்டைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் அடித்துப் போடலாம் என்கிறார் எங்கள் பகுதி டிங்கர். செய்யலாமா? எவ்வளவு எடை குறையும்? – ஒரு வாசகர், காட்பாடி.

பதில்: வெட்டுவதற்கு முன் எடை போடுங்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒரு முறை வைத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கதவின் உட்புறத்திலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். பிறகு கண்ணாடி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, பூட்டு, முக்கோணக் கண்ணாடிச் சட்டம், உள்பலகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தனித்தனியே எடை போடுங்கள். அரை நாள் வேலைதான். ஆனால் கனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த அரை நாள் காட்டிக்கொடுத்துவிடும். அது பெரும்பாலும் வெளித்தகட்டில் இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். கதவின் வெளித்தகடு சுமார் ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு அரைச் சதுர மீட்டர். 0.9 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ வரும் என்பதால், உங்கள் வெளித்தகட்டின் எடை மூன்றரை கிலோ. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது என்பதால் எடையும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே கை வைத்து அழுத்தினால் உள்வாங்காத தகடு வேண்டுமென்றால் அலுமினியத்தைச் சுமார் ஒன்றரை மடங்கு தடிமனாகப் போட வேண்டும். அப்போது எடை பாதியில்தான் போய் நிற்கும். 1.3 மி.மீ. அலுமினியத்தில் அதே தகடு 1.75 கிலோ வரும். ஒரு கதவுக்கு மிச்சம் இரண்டு கிலோகூட இல்லை. தொள்ளாயிரம் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் உங்கள் வண்டியில் இரண்டு கதவுகளுக்கும் சேர்த்து நான்கு கிலோவுக்கும் குறைவாக மிச்சம் பிடிக்க, அறுபதுகளில் தொழிற்சாலை அழுத்தி எடுத்த மூலத் தகட்டை அறுத்தெறிவதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டியைக் கணக்கிடுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த கார் என்றால் நான்கைந்து முறையாவது பெயிண்ட் பார்த்திருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய பட்டியின் மேலேயே புதிய பட்டி ஏறியிருக்கும். கதவின் முழுப்பரப்பிலும் சராசரியாக மூன்று மி.மீ. பட்டி இருந்தால் அதன் கனஅளவு ஒன்றரை லிட்டர். எடை இரண்டரை கிலோவை ஒட்டும். அலுமினியம் போட்டுக் குறைக்க நினைக்கும் எடையைவிட இது அதிகம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் தட்டையான காந்தம் ஒன்றை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக் கதவின் மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடிப்பு விட்டுக் காந்தம் வழுக்குகிறதோ அங்கே பட்டி தடித்திருக்கிறது. கதவின் கீழ்ப்பகுதி ஒரு சாண் உயரத்துக்கு வழுக்காமல் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

வேலூரில் ஒரு பட்டறையில் நானே இருந்து கழற்றிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்க் கதவைப் பற்றிச் சொல்கிறேன். உள்பலகையை எடுத்ததும் முதலில் வந்தது ஈரப் பஞ்சு வாடை. இரைச்சலை அடக்க யாரோ ஒட்டிய தார் அட்டை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு இருந்தது. அதன்மேல் பருத்திக் கம்பளம் நீரை உறிஞ்சிக் கஞ்சிபோல் தொங்கியது. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்டிருந்த துளைகளை அடிப்பகுதிக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சு அடைத்திருந்ததால், ஆண்டாண்டாக ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கிய நீரும் மண்ணும் உள்ளேயே தங்கி, பாலாற்று வண்டல்போல் படிந்து காய்ந்திருந்தது. இயங்காத ஸ்பீக்கர் ஒன்று அதன் காந்தத்தோடு கிடந்தது. துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் கிடந்தது. சுரண்டி எடுத்த அத்தனையையும் ஒரு சிமெண்ட் சட்டியில் போட்டுச் சட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தபோது 4 கிலோ 200 கிராம் காட்டியது. அந்தக் கதவில் நாங்கள் ஒரு தகட்டைக்கூட மாற்றவில்லை.

தார் அட்டையை எடுக்கும்போது அவசரம் கூடாது. சூடான காற்று ஊதும் கருவியை ஓரிடத்தில் நிறுத்தினால் மறுபக்கத்து வெளித்தகடு அலைபாய்ந்துவிடும். பிறகு அதை மறைக்க மீண்டும் பட்டிதான் பூச வேண்டும். இளஞ்சூட்டில் இளக்கி, மரச் சட்டத்தால் நெம்பி எடுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த எமரியில் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்ப்பதும், தூசியைத் தடுக்கும் முகமூடி அணிவதும் கட்டாயம். எல்லா அட்டையையும் எடுத்த பின் வெளித்தகட்டின் நடுவில் மட்டும் உள்ளங்கை இரண்டின் அகலத்துக்கு ஒரு புதிய ஒலித்தடுப்புத் துண்டை ஒட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கதவை மூடும்போது தகர டின்னைத் தட்டினாற்போல் ஓசை வரும். அந்தச் சில கிராம்களை மிச்சம் பிடிக்க நான் ஒப்பமாட்டேன்.

கதவு தொங்குவதற்குக் காரணம் எடை மட்டுமே என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து முனையை மெல்ல மேலே தூக்கிக் கொண்டே கீலைப் பாருங்கள். கீலின் ஊசி தன் துளைக்குள் ஆடினால் தேய்மானம் அங்கே இருக்கிறது. லேத் பட்டறையில் புதிய ஊசி கடைந்து போட்டால் தீர்ந்தது. கீல் ஆடாமல், கதவுக்கும் பின்பக்க உடலுக்கும் இடையிலான சந்து மேலே குறுகியும் கீழே அகன்றும் தெரிந்தால் கதையே வேறு. கூரையில்லாத இந்த வண்டியில் இரு கதவுகளுக்கும் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. அது துருவேறி இளகினால் வண்டியே நடுவில் தொய்யும். கதவு எத்தனை இலேசாக இருந்தாலும் அப்போது பயனில்லை. முதலில் அந்தச் சட்டத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த எம்.ஜி.பி. கதவுகளில் முக்கோணக் கண்ணாடிச் சட்டம் முடியும் இடத்துக்கு நேர்கீழே வெளித்தகட்டில் மயிரிழைபோல் வெடிப்பு விடுவது அந்த வகைக்கே உரிய நோய். கதவைக் கண்ணாடியைப் பிடித்து அறைந்து சாத்துவது அதை விரைவுபடுத்தும். அந்த இடத்தில் உட்சட்டத்தை மெலிப்பதோ வெட்டுவதோ நோயைக் கூட்டும் செயல்.

அப்படியானால் அலுமினியமே வேண்டாமா? பானெட்டில் வேண்டும், அங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி காத்திருக்கக்கூடும். எம்.ஜி.பி.யின் தொடக்க ஆண்டுகளில் தொழிற்சாலையே அலுமினியப் பானெட்டைத்தான் பொருத்தியது. அறுபதுகளின் இறுதிக்குப் பிறகே அது எஃகுக்கு மாறியது. முன்பு சொன்ன அதே காந்தத்தைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பட்டி தடித்திருக்கிறதா, அலுமினியமா என்று உட்பக்கத்திலும் வைத்து உறுதி செய்யுங்கள். அங்கேயும் ஒட்டாவிட்டால் நீங்கள் தேடும் பொருள் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒட்டினால், பழைய உரிமையாளர் யாரோ எஃகுப் பானெட்டை மாட்டியிருக்கிறார். அலுமினியத்துக்குத் திரும்புவது எடையையும் குறைக்கும், வண்டியை அதன் மூல நிலைக்கும் கொண்டுவரும். ஒரே செலவில் இரண்டும் கைகூடும் இடம் இது ஒன்றுதான்.

எடையை எங்கே குறைக்கிறோம் என்பது எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு நிகரான கேள்வி. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளிக்குத் தொலைவில், முன்மூக்கிலும் பின்வாலிலும் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் திரும்புவதை எதிர்க்கும். உயரத்தில் இருப்பது சாய்வைக் கூட்டும். கதவோ வண்டியின் நடுவில், தாழ்வாக இருப்பது. எனவே பானெட்டிலிருந்து போகும் ஒரு கிலோ கதவிலிருந்து போகும் ஒரு கிலோவைவிட மதிப்புள்ளது. பட்டியையும் மண்ணையும் நீக்குங்கள், கீலைச் சரிசெய்யுங்கள், பிறகு பானெட், அதன்பின் டிக்கி மூடி. கதவுத் தகடு கடைசியில்தான் வர வேண்டும், வராமல் போனாலும் குறையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கதவில் அலுமினியம் போட வேண்டுமென்றே தீர்மானித்தால், எஃகு உட்சட்டத்தின் ஓரத்தில் அலுமினியத் தகட்டை மடித்து இறுக்கும் இடத்தில் இரண்டு உலோகமும் நேராகத் தொடக்கூடாது. இடையில் மழைநீர் புகுந்தால் அது ஒரு சிறு பேட்டரியாகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியம் போர்த்திய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 போன்ற விலையுயர்ந்த கார்களையே இந்த அரிப்பு விட்டுவைக்கவில்லை. உட்சட்டத்துக்கு எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட்டு அடித்து நன்றாகக் காயவிட்டு, மடிப்புக்குள் முழு நீளத்துக்கும் சீலர் வைத்து, அதன் பிறகே மடிக்கச் சொல்லுங்கள். 1963–64இல் ஜாகுவார் பன்னிரண்டு இ-டைப் கார்களை இலேசாகச் செய்தபோது தகட்டை மட்டும் மாற்றவில்லை. உடற்கூட்டையே அலுமினியத்தில் செய்தது. 1970களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ தன் 3.0 சி.எஸ்.எல். காரில் கதவு, பானெட், டிக்கி மூடி ஆகிய கீலில் ஆடும் பாகங்களை அலுமினியத்தில் தந்தது. அந்தப் பெயரின் கடைசி எழுத்தே ஜெர்மன் மொழியில் ‘இலேசு’ என்று பொருள்படும் சொல்லின் முதல் எழுத்து. அவர்களுக்குப் பந்தயம் இருந்தது. உங்களுக்கு இருப்பது மாமனார் தந்த வண்டி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சுமை ஏற்றாத நிலையில் வண்டியின் எடையும் அந்தச் சான்றில் உள்ள விவரங்களில் ஒன்று. அதைவிட உங்களை நேராகத் தொடுவது 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டி மூல வடிவில் இருந்தால் ‘விண்டேஜ்’ பதிவு பெறலாம். சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அன்றாடப் போக்குவரத்துக்கு அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். எனவே தகட்டை அறுப்பதற்கு முன் எந்தப் பாதையில் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எந்தப் பாதையானாலும், கழற்றிய மூலப் பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறேன். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும் அந்தப் பெரிய பானெட்டை ஃபைபர் கிளாஸில் நானே வார்க்க முடியுமா? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை.

பதில்: முடியும். ஃபைபருக்கு இதைவிடப் பொருத்தமான பாகம் கிடைப்பதும் அரிது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸி இருப்பதால் முன்மூடி வண்டியின் வலிமையைத் தாங்கவில்லை. அது வெறும் போர்வை. அதே சேஸியைக் குறுக்கி உருவான டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புத்தான். முன்மூக்கில், சக்கரங்களின் மேலே இருக்கும் எடை என்பதால் குறையும் ஒவ்வொரு கிலோவும் திருப்பத்தில் தெரியும்.

எடைக் கணக்கு இது: சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் (கண்ணாடி இழைப் பாய்) இரண்டு அடுக்கு என்றால் கண்ணாடி இழை 900 கிராம். கையால் பூசும் வேலையில் ரெசின் அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு பிடிக்கும். மேற்பூச்சு ஜெல் கோட்டையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு மூன்றரை கிலோ, எஃகில் பாதி. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் ரெசின்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. ரெசின் வலிமை தருவதில்லை. இழையைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. உருளையால் உருட்டி மிகுதியை வெளியே தள்ளுங்கள். மேட் முழுதும் நனைந்து கண்ணாடிபோல் தெளிய வேண்டும். ஆனால் குளம் கட்டக்கூடாது.

நம் ஊர் வெயில் இந்த வேலைக்குப் பகை. வெப்பம் ஏற ஏற ரெசின் இறுகும் நேரம் குறையும். ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனரை இரண்டு சதவீதம் கலந்துவிட்டுக் கத்திரி வெயிலில் நின்றால் பாதிப் பரப்பைப் பூசுவதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிப் புகையும். விடியற்காலையில், ஒரு சதவீதத்தை ஒட்டி, அரை அரை லிட்டராகக் கலந்து வேலை செய்யுங்கள். அச்சிலிருந்து உடனே உரித்தெடுக்க வேண்டாம். முழுதும் இறுகாத துண்டு தன் எடையாலேயே கோணிக்கொள்ளும். பிறகு கதவோரச் சந்து ஒருநாளும் நேராகாது. இரண்டு நாள் அச்சிலேயே கிடக்கட்டும்.

உட்புறம் விலா எலும்புபோல் நுரைப்பட்டைகளை வைத்து மேலே ஓரடுக்கு மேட் போர்த்தினால் எடை ஏறாமல் விறைப்பு ஏறும். கீலும் கொக்கியும் வரும் இடங்களில் எஃகுத் தகட்டுத் துண்டு புதைத்து அடுக்கை மூன்று மடங்காக்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டாமல் தடத்தில் இறங்க வேண்டாம். இந்த ரெசின் எரியக்கூடியது. பழைய பக்கக் கொக்கிகளை மட்டும் நம்பவும் வேண்டாம். இலேசான மூடி காற்றில் நெளியும். நெளிந்தால் கொக்கி நழுவும். பின்ஓரத்தில் இருபுறமும் பானெட் ஊசிகள் கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: கதவின் உட்சட்டத்தில் வட்ட வட்டமாகத் துளை போட்டு எடை குறைப்பதைப் படங்களில் பார்க்கிறேன். நானும் போடலாமா? – ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: ஐம்பது மி.மீ. அகலமுள்ள ஒரு துளையில் 0.9 மி.மீ. எஃகு 14 கிராம்தான் வெளியேறும். இருபது துளை போட்டாலும் 280 கிராம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் அளவு. விமானத்திலும் பந்தயக் காரிலும் துளையின் விளிம்பை அழுத்தி உள்வளைத்துவிடுவதால் தகடு தன் விறைப்பை இழப்பதில்லை. வெறும் ஹோல் ஸாவால் வெட்டிய துளைக்கு அந்த விளிம்பு இல்லை. அதன் ஓரத்தில் வெடிப்பு தொடங்கும், வெட்டிய முனையில் துருவும் ஏறும். பக்கவாட்டில் வண்டி மோதினால் உங்களுக்கும் எதிர் வண்டிக்கும் இடையில் இருப்பது அந்த உட்சட்டம் ஒன்றே. அறுபதுகளின் கார்க் கதவுக்குள் பெரும்பாலும் குறுக்குத் தடுப்புக் குழாய் கிடையாது. தயவுசெய்து போடாதீர்கள்.

கேள்வி: கதவுக் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட், கைப்பிடிப் பொறிக்குப் பதில் தோல் வார் – இவை சாலையில் ஓடும் காருக்கு உதவுமா? – ஒரு வாசகர், ஆம்பூர்.

பதில்: முதலாவது உதவாது, இரண்டாவது நன்றாகவே உதவும். ஐந்து மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ; நான்கு மி.மீ. பாலிகார்பனேட் ஐந்து கிலோவுக்கும் குறைவு. கதவில் எடை உண்மையிலேயே குறையும் இடம் இதுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாலை வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளி விட வேண்டும் என்பது விதி. கடையில் தாளாக வாங்கி வெட்டிய பாலிகார்பனேட்டில் அந்த முத்திரை இருக்காது. அது நம் வெயிலில் மஞ்சளாகும், பெட்ரோல் பட்டால் சிலந்தி வலைபோல் விரிசல் விடும், புழுதியோடு துடைத்தால் கீறும்; இரவில் எதிரே வரும் லாரி விளக்கில் அந்தக் கீறல்கள்தான் தெரியும், சாலை தெரியாது. தடத்தில் மட்டும் ஓட்டுபவர் போடட்டும்.

தோல் வாருக்கு ஆம்பூரைவிட நல்ல ஊர் ஏது? 1973ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காரின் இலேசு வகையில் கதவின் உட்பிடியை எடுத்துவிட்டு ஒரு வாரைத்தான் வைத்தார்கள். பூட்டின் நெம்புகோலில் கட்டிய வாரை இழுத்தால் கதவு திறக்கும். காலணி மேல்தோலுக்கு எடுக்கும் மெல்லிய தோல் வேண்டாம். பெல்ட்டுக்கு எடுக்கும் மூன்று, மூன்றரை மி.மீ. தாவரப் பதனிட்ட எருமைத் தோலை 25 மி.மீ. அகலத்தில் வெட்டி, நெம்புகோல் முனையில் இரட்டையாக மடித்துச் செப்பு ரிவெட் இரண்டு அடியுங்கள். ஒற்றை ரிவெட் சுழன்று தோலைக் கிழிக்கும். வெளிப்பிடி எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். விபத்தில் உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பழைய காரின் எஃகுக் கதவின் மேல் கார்பன் ஃபைபர் போர்த்தித் தருவதாகவும் அதனால் எடை குறையும் என்றும் ஒரு கடையில் சொல்கிறார்கள். உண்மையா? – ஒரு வாசகர், ஆரணி.

பதில்: எஃகு அப்படியே உள்ளே இருக்க, அதன் மேல் துணியும் ரெசினும் ஏற்றினால் எடை கூடும், குறைய வழியில்லை. முழுப் பாகத்தையும் கார்பனில் வார்த்தால்தான் பயன் உண்டு. அப்போதும் மேலே ஓரடுக்கு மட்டும் கார்பன் வைத்து, பின்னால் சாதாரண ஃபைபர் மேட்டைத் தடிமனாக நிரப்பி விற்பது வழக்கமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் பாகத்தைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். பின்னிய கறுப்புத் துணி அங்கேயும் தெரிந்தால் ஒருவேளை கார்பனாக இருக்கலாம். வெளிறிய வைக்கோல்போல் சிதறிய இழை தெரிந்தால் அது மேட். பிறகு கடைக்காரர் முன்னிலையிலேயே தராசில் வையுங்கள்.